பார்க்காத படத்துக்கும் குத்தகை!

(‘ஓ.டி.டி. சந்தா குடும்பத்துக்கு லாபமா? நட்டமா?’ என்ற தலைப்பில் காரைக்காலில் நடந்த தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில் ‘நட்டமே’ அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! கையிலே ரிமோட் ஒன்றுதான் குறை என்பதுபோல ஜம்மென்று சாய்ந்து உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! கடற்காற்றிலே நாற்காலி போட்டு, ஒரு பைசா சந்தா கட்டாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற காரைக்கால் பெருமக்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கை ரொம்ப அழகாகப் பேசினார்கள். ஒரு கணக்கும் சொன்னார்கள். “வருஷத்துக்கு 1,499 ரூபாய் சார். ஒரு நாளைக்கு வகுத்துப் பாருங்க, நாலு ரூபாய் பத்து காசு. ஒரு டீ விலைகூட இல்லை!” என்றார்கள். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். வகுத்தல் சரியாகத்தானே இருக்கிறது?

ஆனால் ஐயா, டீ குடித்தால்தான் டீக்குக் காசு. நான் இன்றைக்கு டீக்கடைப் பக்கமே போகவில்லை, வீட்டிலேயே படுத்துத் தூங்கிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். டீக்கடைக்காரர் வந்து கதவைத் தட்டி, “சார், இன்னிக்கு நீங்க வரல, நாலு ரூபாய் எடுங்க” என்று கேட்பாரா? (சிரிப்பு) இவன் கேட்கிறான்! கேட்கிறான் என்றுகூடச் சொல்ல முடியாது. கேட்டாலாவது ‘இல்லை’ என்று சொல்லலாம். இவன் எடுத்துக்கொள்கிறான்!

இது டெல்டா மண். உங்களுக்கு நான் ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். நிலத்தை ஒருவர் சாகுபடி செய்ய நம் பக்கத்தில் இரண்டு முறை உண்டு. ஒன்று வாரம், இன்னொன்று குத்தகை. வாரம் என்றால் என்ன? விளைந்ததில் பங்கு. விளைந்தால் கொடு, விளையாவிட்டால் இருவருக்கும் நட்டம். குத்தகை என்றால்? விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசின நெல்லை அளந்தாக வேண்டும். மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி திறக்க வேண்டிய தண்ணீரைத் திறக்காமலே போன வருஷங்கள் உண்டா, இல்லையா? திறந்தாலும் அது கல்லணை தாண்டி, அரசலாறு, நூலாறு, திருமலைராயனாறு என்று வழிந்து இந்தக் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் நாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோமா, இல்லையா? அப்போதும் குத்தகைக்காரர் அளந்தாக வேண்டும்! (கைதட்டல்)

சினிமாக் கொட்டகை டிக்கெட் இருக்கிறதே, அது வாரம். படம் பார்த்தேன், காசு கொடுத்தேன். ஓ.டி.டி. சந்தா குத்தகை. பார்த்தாலும் அளக்கணும், பார்க்காவிட்டாலும் அளக்கணும். எங்கள் அணியின் வாதம் இவ்வளவுதான். நாங்கள் படத்துக்கு எதிரி இல்லை. பார்க்காத படத்துக்குக் கொடுக்கிற காசுக்குத்தான் எதிரி!

“காலம் காலமாகக் காசு கொடுத்துத்தானே பார்த்தோம், இப்போது மட்டும் என்ன வலிக்கிறது?” என்று எதிரணித் தலைவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். இங்கே தலை நரைத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். வானொலிப் பெட்டிக்கும் டி.வி. பெட்டிக்கும் வருஷா வருஷம் தபாலாபீசில் லைசென்ஸ் கட்டினோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்த லைசென்ஸ் புத்தகத்தைப் பத்திரப்படுத்தி வைத்தவர்கள்கூட இருப்பீர்கள். 1980-களின் நடுவில்தான் அது ஒழிந்தது. சென்னைத் தூர்தர்ஷன் 1975-ல் வந்தது. ஆனால் அந்தப் படம் இந்தக் கடற்கரைக்குச் சரியாக வந்து சேரவில்லையே! நாம் என்ன செய்தோம்? மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் தெற்கே திருப்பினோம். 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கினார்கள். நமக்குச் சென்னை தூரம், இலங்கை பக்கம்! (சிரிப்பு) ஒருத்தன் மாடியில் நின்று கம்பியைத் திருப்புவான், ஒருத்தன் முற்றத்தில் நின்று “வருது, வருது... போச்சு!” என்பான். வீட்டுக்குள்ளே இருபது பேர் உட்கார்ந்திருப்போம்.

அப்புறம் டெக் வந்தது. கல்யாணம், காதுகுத்து, பொங்கல் என்றால் டெக்கும் டி.வி.யும் வாடகைக்கு எடுத்து, ஆளுக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் போட்டு, ஒரே ராத்திரியில் மூன்று படம் பார்த்தோம். மூன்றாவது படத்தில் வில்லன் செத்தானா பிழைத்தானா என்று எவனுக்கும் தெரியாது, எல்லாரும் தூங்கியிருப்போம்! ஆனால் மறுநாள் காலையில் டெக் போய்விடும். வாடகையும் அதோடு போய்விடும். “அடுத்த மாதமும் நானே வருவேன், நீங்க தடுக்காத வரைக்கும் வந்துகொண்டே இருப்பேன்” என்று எந்த டெக்கும் சொன்னதில்லை. அந்தக் காசு, பார்த்த ராத்திரிக்குக் கொடுத்த காசு.

1993 சித்திரை முதல் நாள் சன் டி.வி. வந்தது, கேபிள் வந்தது, மாதாமாதம் கேபிள்காரர் வந்தார். அதுவும் குத்தகைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு வித்தியாசம். கேபிள்காரர் வாசலில் வந்து நிற்பார். “அடுத்த வாரம் வாப்பா” என்று சொல்லலாம். பையனுக்குப் பரீட்சை என்றால் “ரெண்டு மாசம் கட் பண்ணிடு” என்று சொல்லலாம். சொல்வதற்கு ஒரு மனுஷன் முகம் இருந்தது ஐயா!

சரி, இப்போது விலைக்கு வருவோம். நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்தது. தொடக்கமே 500 ரூபாய். வாங்க ஆளில்லை. 2019-ல் கைப்பேசிக்கு மட்டும் 199 என்று ஒரு திட்டம் போட்டார்கள். 2021 டிசம்பரில் அதை 149 ஆக்கினார்கள். டி.வி.யில் பார்க்கிற சாதாரணத் திட்டத்தை 499-லிருந்து 199-க்கு இறக்கினார்கள். குறைத்தவனைக் குறைத்தான் என்று சொல்லத்தான் வேண்டும். அதே 2021 டிசம்பரில் அமேசான் பிரைம் என்ன செய்தது? 999-ஆக இருந்த வருஷச் சந்தாவை 1,499 ஆக்கியது. 2016-ல் அறிமுக விலை 499 ரூபாய், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூன் மாதத்திலிருந்து அதில் விளம்பரமும் போட ஆரம்பித்தார்கள். விளம்பரம் வேண்டாம் என்றால் வருஷத்துக்கு இன்னும் 699 ரூபாய் தனி! ஆக 499-க்கு உள்ளே அழைத்துப் போனவன், ஒன்பதே வருஷத்தில் அதே நாற்காலியில் நம்மை உட்காரவைக்க 2,198 ரூபாய் கேட்டான். பிரைமில் சாமான் டெலிவரியும் சேர்த்தி என்று தங்கை குறுக்கே சொல்வார்கள். சேர்த்திதான் அம்மா. அது வேறு செலவு. சாமான் சீக்கிரம் வருகிறது என்பதற்காகவே தேவையில்லாத சாமானையும் வாங்குகிறோமே, அதற்குத் தனியாக ஒரு பட்டிமன்றம் வைக்கலாம்! (சிரிப்பு)

கிரிக்கெட்டைப் பாருங்கள். 2023-ல் ஐ.பி.எல். பந்தயத்தை ஜியோ சினிமாவில் இலவசமாகக் காட்டினார்கள். ஊரே பார்த்தது. 2025 பிப்ரவரியில் ஜியோ சினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஒன்றாகி ‘ஜியோ ஹாட்ஸ்டார்’ ஆனது. அந்த வருஷம் ஐ.பி.எல். முழுசாகப் பார்க்கணும் என்றால் சந்தா கட்டு, இல்லையென்றால் இத்தனை ரூபாய்க்கு மேலே ரீசார்ஜ் செய் என்றார்கள். முதலில் ஓசியில் பழக்கு, பிறகு காசு கேள். மீன்பிடிக்கிற ஊரில் வந்து தூண்டில் போடுவது எப்படி என்று நான் விளக்க வேண்டுமா? (கைதட்டல்)

இப்போது ஒரு நடுத்தரக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 2025 விலையில் சொல்கிறேன். நெட்ஃபிளிக்ஸ் மாதம் 199, வருஷத்துக்கு 2,388. பிரைம் 1,499. ஜியோ ஹாட்ஸ்டார் நடுத்தரத் திட்டம் வருஷத்துக்கு 899. கூட்டினால் 4,786 ரூபாய். இதில் இன்டர்நெட் பில் சேரவில்லை. தெளிவான படம் ஒரு மணி நேரம் பார்த்தால் மூன்று ஜி.பி. வரைக்கும் டேட்டா குடிக்கும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜி.பி. ரீசார்ஜ் போட்டவர் கதாநாயகி வருவதற்குள் படத்தை நிறுத்த வேண்டியதுதான்! ஆக வீட்டுக்கு பிராட்பேண்ட் கனெக்‌ஷன் வேண்டும். அதற்கு 500 ரூபாய் திட்டம் என்றால் ஜி.எஸ்.டி.யோடு 590. அதை விட்டுவிடுவோம், பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். (படிக்கிறார்கள் என்றுதான் சொல்கிறார்கள்.)

இந்த 4,786 ரூபாய்க்கு எத்தனை படம் பார்த்தீர்கள்? அவையோரைக் கேட்கிறேன். சென்ற வருஷம் தொடக்கத்திலிருந்து ‘வணக்கம்’ போடுகிறவரை முழுசாக, தூங்காமல், போன் பார்க்காமல், மாதத்துக்கு இரண்டு படத்துக்கு மேல் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். (நடுவர்: நீங்க கேட்கிற கேள்வியில ஒருத்தரும் தூக்க மாட்டாங்க ஐயா!) தூக்க மாட்டார்கள் நடுவர் அவர்களே. மாதத்துக்கு இரண்டு என்றால் வருஷத்துக்கு 24 படம். ஒரு படத்துக்கு ஏறக்குறைய 200 ரூபாய் விழுகிறது. நாலு ரூபாய் பத்து காசு எங்கே போயிற்று? டீ விலை எங்கே போயிற்று?

நூறு படம் பார்ப்பவர் இருந்தால் அவருக்கு ஒரு படம் 48 ரூபாய்தான். அவருக்கு லாபம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவரை வைத்துத்தான் அவர்கள் விளம்பரம் செய்கிறார்கள், நம்மை வைத்துத்தான் சம்பாதிக்கிறார்கள்!

நம் வீட்டில் நடப்பது என்ன? ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்கு உட்காருகிறோம். “என்ன பார்க்கலாம்?” என்பது முதல் கேள்வி. இது வேண்டாம், அது ரத்தம், இது இங்கிலீஷ், இதை உங்க தங்கச்சி நல்லா இல்லைன்னு சொன்னா. பத்தேகாலுக்குத் தேடி முடிகிறது. பத்து நிமிஷம் பார்த்ததும் அவருக்குக் கொட்டாவி. பத்தரைக்கு டி.வி. “இன்னும் பார்க்கிறீர்களா?” என்று கேட்கிறது. (சிரிப்பு) அதற்குக்கூடத் தெரிந்திருக்கிறது, நாம் பார்க்கவில்லை என்று! அதைக் கேட்கிறானே, “இன்னும் காசு கட்டப் போகிறீர்களா?” என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறானா?

தங்கை பேசும்போது நம் அம்மையாரை இழுத்தார்கள். “கேட்டவுடன் மாங்கனி கையில் வந்த ஊர் இது. அதுபோலக் கேட்டவுடன் படம் வருகிறது” என்றார்கள். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் தமிழ் வாத்தியார் முன்னால் பாதிக் கதை சொல்லக் கூடாது அம்மா! புனிதவதியார் வேண்டியபோது முதலில் வந்த கனியைக் கணவன் பரமதத்தன் சாப்பிட்டான். நம்பிக்கை இல்லாமல், “இன்னொன்று வாங்கிக் காட்டு” என்றான். அம்மையார் வேண்டினார், வந்தது. அதைப் பரமதத்தன் கையில் வாங்கினான். வாங்கியதும் என்ன ஆயிற்று? மறைந்துவிட்டது! அதுதான் ஓ.டி.டி.! (பலத்த கைதட்டல்) அடியார் கையில் இருந்தவரை கனி, வணிகன் கைக்கு வந்ததும் காணோம். போன மாதம் இருந்த படம் இந்த மாதம் இல்லை. ஏன் என்று கேட்டால் உரிமை ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம். நாம் வாங்குவது படம் இல்லை ஐயா, பார்க்கிற அனுமதி. கேசட் வாங்கினால் கேசட் அலமாரியில் இருந்தது. பூசணம் பிடித்தாலும் நம் பூசணம்!

அடுத்தது இந்தப் பாஸ்வேர்டு விவகாரம். காரைக்காலில் பிரான்சில் உறவு இல்லாத தெரு உண்டா? சொல்தா தாத்தா வாங்கிய பென்ஷனில் தொடங்கி, பேரன் பாரீஸில் வேலை பார்ப்பது வரை வந்திருக்கிறது. மகளைப் பாரீஸில் கட்டிக் கொடுத்த ஒரு மாமியார் வீட்டைச் சொல்கிறேன். மருமகன் நல்ல பிள்ளை. “அத்தை, நீங்க தனியா கட்டாதீங்க, என் கணக்கையே போட்டுக்கோங்க” என்று பாஸ்வேர்டைக் கொடுத்தார். இரண்டு வருஷம் நன்றாக ஓடியது. 2023 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவில் ஒரு சட்டம் போட்டது. ஒரு கணக்கு ஒரு வீட்டுக்கு மட்டும்தானாம். ஒருநாள் டி.வி.யைப் போட்டால், இந்த டி.வி. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது இல்லை என்று வருகிறது. அந்த அம்மா பதறிப்போய்ப் போன் போட்டு, “ஏம்மா, நான் உங்க குடும்பம் இல்லையாமே, மாப்பிள்ளை ஏதும் சொன்னாரா?” என்று கேட்டார்களாம்! (பலத்த சிரிப்பு) மாமியார் குடும்பத்தில் சேர்த்தியா இல்லையா என்று தமிழ்நாட்டில் பட்டிமன்றம் எத்தனை நடந்திருக்கும்! தீர்ப்பை அமெரிக்காக்காரன் எழுதிவிட்டான்.

குடும்பம் என்று சொன்னதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஊரில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கட்டுகிறோம். அதுவும் சந்தாதான். கூத்து பார்க்க வந்தாலும் வராவிட்டாலும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று கட்டுகிறோம். அது மட்டும் ஏன் வலிக்கவில்லை? அந்தக் காசில் ஊரே உட்கார்ந்து பார்க்கிறது. கட்ட முடியாதவன் பிள்ளையும் முன் வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறது. இங்கே? ஒரு கணக்குக்கு ஐந்து பேர் பெயரில் ஐந்து அறை. அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று. அப்பா என்ன பார்க்கிறார் என்று அம்மாவுக்குத் தெரியாது. பிள்ளை என்ன பார்க்கிறான் என்று இருவருக்குமே தெரியாது. ரூபவாஹினியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்த படத்தை இருபது பேர் ஒன்றாகப் பார்த்தோம். இன்றைக்குக் கண்ணாடி மாதிரித் தெரிகிற படத்தை, ஒரே வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்க்கிறோம். சந்தா மட்டும் குடும்பச் சந்தா!

இனி, என் நண்பர் ஒருவர். ஓய்வு பெற்ற ஆசிரியர். திருநள்ளாற்றுப் பக்கம் வீடு. பேரன் விடுமுறைக்கு வந்தான். “தாத்தா, ஒரு மாசம் ஃப்ரீ” என்று தாத்தா போனில் ஏதோ ஒன்றைப் போட்டான். எந்த நிறுவனம் என்று நான் சொல்லப் போவதில்லை. பேரன் ஊருக்குப் போய்விட்டான். பதினாலு மாதம் கழித்து, பாஸ்புக்கில் பதிவு போடப் போன இடத்தில்தான் நண்பருக்குத் தெரிந்தது, மாதாமாதம் காசு போயிருக்கிறது என்று. அவர் வீட்டில் அந்தச் செயலி டி.வி.யில்கூட இல்லை. பேரன் போனில்தான் இருந்தது!

அவர் என்னிடம் சொன்னார்: “நான் சனிப்பெயர்ச்சின்னு நினைச்சேன் சார்.” (சிரிப்பு) சனீஸ்வர பகவான் சன்னதித் தெருவுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் வேறு என்ன நினைப்பார்? ஆனால் சனிகூட இரண்டரை வருஷத்தில் அடுத்த ராசிக்குப் போய்விடுகிறார். இந்த ஆட்டோ டெபிட் போவதில்லையே!

தானாகவே புதுப்பித்துக்கொள்கிற சந்தாவின் ஆபத்து என்ன என்று உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் காரைக்காலுக்குத் தெரியும். 1739-ல் பிரெஞ்சுக்காரன் இந்த ஊருக்குள் கணக்குத் திறந்தான். நடுநடுவே ஆங்கிலேயன் பிடுங்கினான், மறுபடி கொடுத்தான், கணக்கு மட்டும் புதுப்பித்துக்கொண்டே போனது. கேன்சல் செய்ய நமக்கு 215 வருஷம் ஆயிற்று! 1954 நவம்பர் 1. (பலத்த கைதட்டல்) கேன்சல் செய்தும் முடிந்ததா? காகிதத்தில் கணக்கை மூட 1962 ஆகஸ்ட் 16 வரைக்கும் இழுத்தான்!

தாய்மார்களே, ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1 முதல் ஒரு விதி வைத்திருக்கிறது. இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னாலேயே உங்களுக்குத் தகவல் வர வேண்டும். வருகிறது. நாம்தான் பார்ப்பதில்லை. லோன் வேணுமா, மனை வேணுமா என்று வருகிற நூறு செய்தியோடு அதையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறோம். அந்தச் செய்தியிலேயே வேண்டாம் என்று சொல்ல வழி இருக்கும். பணம் அனுப்புகிற செயலியிலே ‘ஆட்டோபே’ என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் யார் யாருக்கு நாம் சாவி கொடுத்து வைத்திருக்கிறோம் என்ற பட்டியல் இருக்கிறது. வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் தூங்குவீர்களா?

எதிரணியில் கடைசியாகப் பேசிய அண்ணன் ஒரு விஷயம் சொன்னார். அதை நான் கேலி செய்ய மாட்டேன். “என் அம்மாவுக்கு மூட்டு வலி. படியேற முடியாது. இருபது வருஷம் தியேட்டர் பக்கம் போகாதவங்க, 2020 தீபாவளிக்கு ‘சூரரைப் போற்று’ படத்தை வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்தாங்க. அந்தச் சந்தோஷத்துக்கு விலை போடுவீங்களா?” என்று கேட்டார். போட மாட்டேன். அந்தக் கொரோனா வருஷத்தில் தியேட்டர் மூடிக் கிடந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் வாசலைத் தாண்டவில்லை. ‘பொன்மகள் வந்தாள்’ அந்த வருஷம் மே மாதம் நேராக வீட்டுக்கு வந்தபோது தியேட்டர்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அதற்கு முன்னால் 2013-லேயே கமல்ஹாசன் ‘விஸ்வரூப’த்தை டி.டி.எச். மூலம் வீட்டுக்கே தரப் போகிறேன் என்றபோதும் இதே சண்டை. அன்றைக்கு அவர் சொன்னதுதான் பின்னால் நடந்தது. 2021-ல் ‘ஜெய் பீம்’ தியேட்டருக்கே வராமல் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. நன்மை இல்லை என்று யார் சொன்னது?

அண்ணே, அந்த அம்மாவுக்குக் கட்டுங்க. நானே சொல்கிறேன், கட்டுங்க. ஆனால் உங்கள் வீட்டில் மூன்று சந்தா இருப்பதாக நீங்களே சொன்னீர்கள். அம்மா பார்ப்பது எது? சாயங்காலம் சீரியல். அது கேபிளில் வருகிறது. மாதத்துக்கு ஒரு படம். அது ஒரு சந்தாவில் வருகிறது. மற்ற இரண்டும் யாருக்கு? அம்மா பெயரைச் சொல்லி மூன்று குத்தகை அளக்கிறோமே, அதைத்தான் கேட்கிறேன்!

“அப்படியானால் திருட்டுத்தனமாகப் பார்க்கச் சொல்கிறீர்களா?” என்று அடுத்த கேள்வி வரும். கூடாது. 2023-ல் திருத்திய சினிமாச் சட்டப்படி திருட்டுத்தனமாகப் படம் பிடிக்கிறவனுக்கும் பரப்புகிறவனுக்கும் மூன்று மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறை, குறைந்தது மூன்று லட்சம் அபராதம். பயந்து சொல்லவில்லை. ஒரு படத்துக்குப் பின்னால் லைட் தூக்குகிறவர், சமையல்காரர், தையல்காரர் என்று எத்தனை வயிறு! எங்கள் அணி காசு கொடுக்காதே என்று சொல்லவில்லை. எப்போது கொடுப்பது என்றுதான் சொல்கிறது.

இந்த ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். நம் மீனவச் சகோதரர்களின் விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. படகு கரையில், வலை மடியில், மனுஷன் வீட்டில். பிள்ளைகளுக்கும் அப்போதுதான் பள்ளி விடுமுறை. கையில் காசு குறைவுதான், ஆனால் பொழுது இருக்கிறது. அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் நெட்ஃபிளிக்ஸ் கட்டினால் 398 ரூபாய். வருஷச் சந்தா கட்டினால்? மீதிப் பத்து மாதம் நடுக்கடலில் டவர் எங்கே இருக்கிறது, படம் பார்க்க? விவசாயிக்குச் சம்பா அறுத்துக் களம் ஒழிந்த பிறகு ஒரு மாதம். பிரைம் ஒரு மாதத்துக்கு 299. கிரிக்கெட் பைத்தியத்துக்கு ஜியோ ஹாட்ஸ்டார், அதே 2025 விலையில், மூன்று மாதத்துக்கு 299. எல்லாம் சேர்ந்து 996 ரூபாய். 4,786 எங்கே, 996 எங்கே! படம் என்னவோ ஓடிப் போய்விடாது. ‘மாஸ்டர்’ 2021 பொங்கலுக்குத் தியேட்டரில் வந்து பதினாறாம் நாள் பிரைமில் வந்துவிட்டது. நாலு வாரம் பொறுத்தால் பெரும்பாலான தமிழ்ப் படம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. நாலு வாரம் பொறுத்தவன் இன்னும் எட்டு வாரம் பொறுத்தால், மூன்று மாதப் படத்தை ஒரு மாதச் சந்தாவில் பார்த்துவிடலாம். கட்டின அன்றைக்கே ஆட்டோபேயை நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் கட்டின நாள் முடிகிறவரை படம் ஓடும்.

இன்னொன்று. உங்கள் ரீசார்ஜ் திட்டத்திலோ பிராட்பேண்ட் திட்டத்திலோ ஏதாவது ஒரு ஓ.டி.டி. ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் தென்னை மரம் வைத்துக்கொண்டு கடையில் தேங்காய் வாங்குகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். காசே வேண்டாம் என்றால் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் இருக்கிறது, மாதக் கட்டணம் கிடையாது. 2024 நவம்பரில் அவர்களே ‘வேவ்ஸ்’ என்று ஒரு செயலியும் கொண்டு வந்தார்கள். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், நம் மாதிரி ஆட்கள் இருக்கிறோம்! (சிரிப்பு)

வள்ளுவர் குடும்ப பட்ஜெட் போட்டபோது வருமானத்துக்கும் செலவுக்கும் ‘ஆறு’ என்ற சொல்லைப் போட்டார். ஆறு என்றால் வழி. வருகிற வழி சின்னதாக இருந்தாலும் கேடில்லையாம், போகிற வழி அகலமாகாமல் இருந்தால். கடைமடைக்காரனுக்கு இதற்கு உரை எழுத வேண்டியதில்லை. வாய்க்காலில் வருகிற தண்ணீரே கொஞ்சம். அதில் வரப்பை வெட்டி எலி வளை போட்டால்? நம் பாஸ்புக்கில் 149, 199, 299 என்று ராத்திரியோடு ராத்திரியாக வளை போட்டுக்கொண்டிருக்கிறார்கள் ஐயா. ஒவ்வொரு வளையும் சின்னது. அதனால்தான் நாம் மண்வெட்டியை எடுப்பதில்லை. (கைதட்டல்)

(நடுவர்: மணி அடிச்சு ரெண்டு நிமிஷம் ஆச்சுங்க ஐயா!)

பார்த்தீர்களா, நடுவர் மணி அடிக்கிறார். இவர் மாதிரி ஒருவர் அந்தச் செயலியில் இருந்தால் நாங்கள் ஏன் இங்கே வந்து பேசப் போகிறோம்! (சிரிப்பு) முடித்துக்கொள்கிறேன். நடுவர் தீர்ப்புச் சொல்ல இன்னும் இரண்டு பேர் பேச்சு இருக்கிறது. அதற்குள் அவையில் இருப்பவர்கள் சத்தம் போடாமல் போனை எடுத்து, அந்த ஆட்டோபே பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். எதிரணித் தங்கையும் பார்க்கலாம்.

(கைதட்டல்)